சுண்ணாம்பு அடித்த காடு

ஒரு பறவையைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் காட்டு வாசலில் வாழைமரம் கட்டிய மனிதர் சுந்தரராஜுலு ஐயா ஒருவராகத்தான் இருப்பார். வளைவில் வேன் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். பக்கத்துக்கு ஒன்றாகக் குலை தள்ளிய இரண்டு வாழை, நடுவில் மாவிலைத் தோரணம், அதற்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ். ‘பறவை காண வரும் அயல்நாட்டு விருந்தினர்களே, வருக வருக’ என்று எழுதி, நான் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த குழுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு பஞ்சவர்ணக்கிளி. நாங்கள் பார்க்க வந்தது பஞ்சவர்ணக்கிளியை அல்ல.

“மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி இருக்குதே” என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கணவர் சஹீர்.

“சிரிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். வண்டிய நிறுத்துங்க.”

பின்னால் இருந்த ஆறு வெள்ளைக்காரர்களும் அதற்குள் கேமராவைத் தூக்கிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே குஷி.

என் பெயர் ஆஃப்ரின். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரி. பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள், உக்கடம் பெரியகுளத்தில் தாழைக்கோழி பார்க்க ஆரம்பித்து, கடைசியில் அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் இன்னும் என்னைக் ‘குருவி காட்டப் போறவ’ என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நானும் சஹீரும் ஆட்களை வேனில் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறோம். அவர்கள் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்த நிலத்துக்காரருக்குப் போகும். எதற்கு என்றால், சும்மா இருப்பதற்கு. மரத்தை வெட்டாமல், புதரை அழிக்காமல், ஓடையை மறிக்காமல் சும்மா இருப்பதற்கு. இதைப் புரியவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். வேலை செய்தால் கூலி கொடுப்பார்கள், சும்மா இருந்தால் யார் கொடுப்பார்கள் என்று கேட்காத விவசாயி இந்தப் பக்கத்தில் கிடையாது.

சுந்தரராஜுலு ஐயாவின் தோட்டம் ஆனைமலை தாண்டி, சேத்துமடைக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் தென்னை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தென்னை. அவருடைய தோட்டத்துக்குப் பின்னால் மட்டும், மலையிலிருந்து இறங்கும் ஓடையை ஒட்டி ஒரு துண்டுக் காடு மிச்சம் இருந்தது. யாரும் பாடுபட்டுக் காப்பாற்றிய காடு அல்ல அது. குடும்பமே பல்லடத்தில் இருக்கும் தங்கள் மில்லைக் கவனித்துக்கொண்டிருந்ததில் இந்தப் பக்கம் வந்து வெட்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காட்டில்தான் தவளைவாயன் இருந்தது. பெயருக்கேற்ற அகன்ற வாய். பகல் முழுக்கத் தூக்கம். காய்ந்த இலைகளுக்கு நடுவில், காய்ந்த இலையின் நிறத்திலேயே, ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆள் அரவம் கேட்டால் கண்ணை மூடி மோவாயை மேலே தூக்கிக்கொள்ளும். அப்புறம் அது பறவையல்ல, ஒடிந்த குச்சி. பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஓர் இடம் பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் அதே கொம்பை விடாது. சூரைமுள்ளும் மூங்கிலும் கொடியும் பின்னிக் கிடந்த ஒரு புதருக்குள் அந்தக் கொம்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது.

ஐயாவின் மகன் யஷ்வந்த் பல்லடத்தில் அவர்களுடைய மில்லை நடத்துகிறார். அவருக்கு அந்தத் துண்டுக் காடு வீணாகக் கிடக்கும் இடம். அழித்துவிட்டு ஜாதிக்காய் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பேசினேன். தவளைவாயனின் படத்தைக் காட்டினேன். “இதுல குருவி எங்கீங்க மேடம்?” என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஐயாதான் மகனுக்கு ஒரு முடிவு சொன்னார்.

“இந்த ஒரு தடவ அவிய வரட்டும் கண்ணு. கடல் தாண்டி ஆளுக வந்து பாக்கற அளவுக்கு உள்ளார என்னமோ இருக்குதுன்னா, அத நீயும் வந்து பாரு. ஒண்ணும் இல்லீன்னா பொங்கல் கழிச்சு மெஷினக் கொண்டாந்துக்க.”

யஷ்வந்த் ஒத்துக்கொண்டார். ஆக, அந்த ஒரு நாளில், அந்த ஆறு பேருக்கு முன்னால், யஷ்வந்தின் கண்ணுக்கு முன்னால் அந்தப் பறவை இருந்தாக வேண்டும். இருந்தால் காடு பிழைக்கும். இல்லாவிட்டால் ஜாதிக்காய்.

இதனால்தான் நான் ஐயாவுக்குப் போன் போட்டு அத்தனை தடவை சொன்னேன். “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க ஐயா. எதையும் தொட வேண்டாம். இருக்கற மாதிரியே இருந்தாப் போதும்.”

“செரிங்க அம்மணி, செரிங்க.”

“சாப்பாடும் வேண்டாமுங்க. நாங்க கட்டிக்கிட்டு வந்துடறோம்.”

“செரி, செரி. நீங்க வாங்க.”

முந்தின நாள் அவரே கூப்பிட்டார். “எல்லாம் ரெடி பண்ணிப்போட்டேனுங்க அம்மணி. ஒரு குறையும் இருக்காது.” சாப்பாட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பெரியவர் ஆசைப்படுகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் ஐயா பட்டுக்கரை வேட்டியில் நின்றிருந்தார். அவர் மனைவி வெங்கடலட்சுமி அம்மா பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக முன்னால் வந்தார். ஆறு பேரும் வரிசையில் நின்று சந்தனம் வாங்கிக்கொண்டார்கள். நெதர்லாந்துக்காரர் ஒருவர், அன்னெக்கே என்று பெயர், ஓய்வு பெற்ற டீச்சர். தவளைவாயனைத் தேடிக் கேரளாவுக்கு இரண்டு முறை வந்து ஏமாந்து போனவர். வெங்கடலட்சுமி அம்மாவின் வாயில் அவர் ஐந்து நிமிடத்தில் ‘அன்னக்கா’ ஆகிவிட்டார்.

தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“பாட்டு மட்டும் வேண்டாமுங்க ஐயா. குருவிக்கு ஆகாது.”

“அட, சின்னச் சத்தமா வெக்கச் சொல்றேனுங்க.”

“வேண்டாமுங்க.”

“செரி, செத்த நேரம் கழிச்சு.”

சஹீர் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் திரும்பி வந்தார். அவரை நான் கட்டிக்கொண்டது இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான்.

தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தோம். நுழைந்தோம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நான் எப்போதும் குனிந்து, முள்ளை விலக்கி, ஒருக்களித்து நுழைகிற இடத்தில் இப்போது செம்மண் கொட்டிய பாதை. கைகோத்து இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். இரண்டு பக்கமும் வேங்கைக்கும் மருதுக்கும் நாவலுக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டை இழுத்திருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகம் மாதிரி இருந்தது. கீழே ஒரு சருகு இல்லை. பாவம், எத்தனை பேர் குனிந்து கூட்டினார்களோ, வீட்டு வாசல் தோற்றுவிடும். கூட்டிய சருகையெல்லாம் ஓடைப்பக்கம் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

‘யா அல்லாஹ், அந்தப் புதர் மட்டும் இருக்கட்டும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

புதர் இல்லை. அந்த இடத்தில் ஒரு சாமியானா. அதன் கீழே வெள்ளை உறை போட்டு, முதுகில் ரிப்பன் முடிச்சுக் கட்டிய நாற்காலிகள். நாற்காலிகளுக்கு எதிரே வெட்டவெளியில், சுற்றி ஒரு கொடிகூட இல்லாமல், அந்த ஒரே ஒரு கொம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை நோக்கி ஒரு ஃபோகஸ் லைட் வேறு.

“குருவி உக்கார்ற கொம்ப மட்டும் தொட்டுப்போடாதீங்கடான்னு தனியாச் சொல்லி வெச்சேனுங்க” என்றார் ஐயா. முகம் அப்படியே மலர்ந்திருந்தது. “முன்னெல்லாம் அந்த முள்ளுக்குள்ள எம்பி எம்பிப் பாக்கோணும். பாவம், வயசானவியெல்லாம் வாராங்க. இப்ப உக்காந்த எடத்துல இருந்தே நல்லாத் தெரியுமுங்க. எங்கீங்க அம்மணி குருவி?”

இத்தனை பிரியமாகப் பார்க்கிற ஒரு மனிதரிடம் என்ன சொல்வது? திட்ட வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. அவரோ கைகட்டி நிற்கிறார், பரிசு வாங்க மேடைக்கு வந்தவர் மாதிரி. “இருங்க ஐயா, தேடறேன்” என்றேன்.

தேடினேன். மிச்சமிருந்த ஒவ்வொரு மரத்தையும், ஒவ்வொரு கிளையையும் தொலைநோக்கியில் துழாவினேன். எதுவும் இருக்காது என்று எனக்கே தெரியும். மறைவில்லாத இடத்தில் அது ஒரு நாள்கூடத் தங்காது. அன்னெக்கே மட்டும் என்னுடன் வந்தார், ஆனால் தேடவில்லை. வெட்டிப்போட்ட மூங்கில் தூர் பக்கத்தில் போய் நின்று தொட்டுப் பார்த்தார். வெட்டு வாயில் ஈரம் காயவில்லை. பிறகு மருத மரத்தின் மேல் கை வைத்தார், விரலில் வெள்ளை ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மற்ற ஐந்து பேரும் சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். வெயில் ஏறியது. யஷ்வந்த் தன் காரில் வந்து இறங்கினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

“மேடம், குருவி?”

“இன்னும் கண்ணுல படலைங்க.”

“ஓ” என்றார். குத்திக்காட்டுகிற ஆளாக இருந்தாலாவது திருப்பிச் சண்டை போடலாம்.

சாப்பாடு வேண்டாம் என்று நான் சொன்னதும் அதே லட்சணத்தில்தான் போயிருந்தது. தலைவாழை இலை போட்டிருந்தார்கள். அரிசிம்பருப்புச் சாதம், கத்திரிக்காய்க் கூட்டு, புளிச்சகீரை, பச்சைப்புளி ரசம், நெய் ஒழுக ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி. வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து சாப்பிட்டார்கள். வெங்கடலட்சுமி அம்மா விடுவதாக இல்லை.

“அன்னக்கா, இன்னொண்ணு வெச்சுக்கோங்க.”

அன்னெக்கே இரண்டு கையையும் இலைக்கு மேலே மறைத்து வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மா அந்தக் கையை அன்பாக ஒதுக்கிவிட்டு ஒப்பிட்டை வைத்தார், மேலே நெய்யும் ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அதே கதிதான். போதும் என்று நான் சொல்லச் சொல்ல இலை நிறைந்துகொண்டே போனது.

யஷ்வந்த் நின்றுகொண்டே ஒரு ஒப்பிட்டைக் கடித்தார். காட்டுப் பக்கம் கையைக் காட்டி அப்பாவிடம் சொன்னார். “நைனா, பாதி வேலைய நீங்களே முடிச்சுக் குடுத்துப்போட்டீங்க. இனி மரத்த மட்டும் எடுத்தாப் போதும். மெஷினுக்கு ஒரு நாள்கூட ஆகாது.”

கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவ்வளவு நேரம் நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் பொத்துக்கொண்டது.

நான் எழுந்துவிட்டேன். பாதி இலையில் எழுவது இந்தப் பக்கம் எவ்வளவு பெரிய அவமரியாதை என்று தெரிந்துதான் எழுந்தேன்.

“ஐயா, எதையும் தொடாதீங்க, ஒண்ணும் பண்ணாதீங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டனே. கேட்டீங்களா? நீங்க சுத்தம் பண்ணலைங்க. அதுங்க குடியிருந்த ஊட்ட இடிச்சுப்போட்டு, கட்டில மட்டும் விட்டு வெச்சிருக்கறேன், வந்து படுத்துக்கன்னு கூப்படறீங்க. எப்படி வரும்? அதுக்கு அந்த முள்ளுதானுங்க செவுரு. அந்தச் சருகுதானுங்க மறைப்பு. எல்லாத்தையும் கூட்டிக் கொளுத்திப்போட்டீங்களே!”

சஹீர் என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. வெங்கடலட்சுமி அம்மா நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாம் புரிந்துவிட்டது. எச்சில் கையோடு எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயா என் பக்கம் வந்து நின்றார். பிறகு கேட்டார். “தொட வேண்டாம்னு நீங்க சொன்னது நெசமாலுமேங்களா அம்மணி?”

“பின்னே பொய்யா சொல்லுவாங்க?”

“அதுக்கில்லீங்க. எங்க ஊட்டுக்கு எந்த ஒறம்பர, விருந்தாளி வந்தாலும் மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க. ஒண்ணும் வேண்டாமுங்க, எதுவும் பண்ண வேண்டாமுங்கன்னு. வந்தவங்க அப்படிச் சொல்றது மொற. செரீன்னு நாம சும்மா இருந்துபோட்டா ஊரே காறித் துப்புமுங்க. சாப்பாடு வேண்டாம்னும்தான் சொன்னீங்க. இப்பச் சாப்படலீங்களா?”

என் இலையைப் பார்த்தேன். ஒரு ஒப்பிட்டு முழுசாகவும் ஒன்று பாதியாகவும் கிடந்தன. எத்தனை சாப்பிட்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ வீடுகளில் ‘ஒண்ணும் வேண்டாமுங்க’ என்று சொல்லிவிட்டு டம்ளரை நீட்டியவள்தான் நானும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

“செரி” என்றார் ஐயா. “இப்பச் சொல்லுங்க. ஒறம்பரையாச் சொல்லாம, நெசமாலுமே சொல்லுங்க. நான் என்ன பண்ணோணும்?”

“ஒண்ணுமே பண்ணக் கூடாது. சும்மா விடோணும். ஒரு சருகக் கூட்டக் கூடாது. ஆள் கால் படக் கூடாது. ஒரு ஆள் கால் படக் கூடாதுங்க ஐயா.”

“எத்தன நாளைக்குங்க?”

“மூணு வருஷமோ, நாலு வருஷமோ. பொதர் பழையபடி ஆகற வரைக்கும்.”

“அதுங்க திரும்பி வருமுங்களா?”

“தெரியாதுங்க.”

அவர் மகனிடம் திரும்பி, அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஆனால் யஷ்வந்த் தமிழிலேயே பதில் சொன்னார், என் காதில் விழட்டும் என்றுதான் இருக்க வேண்டும். “நைனா, பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீன்னா மெஷினக் கொண்டாந்துக்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப ஒண்ணும் இல்லையே.”

“இல்லாம இருக்கல கண்ணு. இருந்தத நான் தொரத்திப்போட்டேன். நான் பண்ணுன தப்புக்கு அந்தக் காடு எதுக்கு வெட்டுப்படோணும்? மெஷின் வேண்டாம்.”

“என்னமோ பண்ணுங்க” என்று கையை உதறிவிட்டு யஷ்வந்த் காருக்குப் போய்விட்டார். காடு தப்பித்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கை கழுவப் போனவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

அன்றே கோயமுத்தூர் திரும்பினோம். பொள்ளாச்சி தாண்டும்போது அன்னெக்கே முன்பக்கம் குனிந்து என் தோளைத் தொட்டு, மறுபடி வருவேன் என்றார். அவருக்கு எழுபதுக்கு மேல். நாலு வருஷம் என்ற கணக்கை அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஊருக்குப் போன பிறகு மற்றவர்கள் இணையத்தில் எங்கள் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முழு நட்சத்திரம், உபசரிப்புக்கு முழு நட்சத்திரம். பறவையைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, விருந்து சாப்பிடுவதற்கென்று தனியாக ஆள் சேர்க்கலாமா என்று கேட்டார் சஹீர். அன்று இரவு அவர் தனியாகத்தான் சாப்பிட்டார்.

ஐயா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்போதும்போல ஒரு படி கூடுதலாகவே. சாமியானாவும் விளக்கும் அன்றைக்கே போயின. அடுத்த வாரம் காட்டைச் சுற்றிக் கம்பி வேலி. செம்மண் பாதையின் தலைமாட்டில் ஓர் இரும்புக் கேட். கேட்டுக்குப் பெரிய பூட்டு, சாவி அவர் இடுப்பில். போனில் கேட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. ஒருவர் திருந்திவிட்டார், காடு தப்பித்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஆடி மாத மழையில் ஒருநாள் சாயங்காலம் நானும் சஹீரும் போனோம். அன்னெக்கே அன்று காலையில்தான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஜனவரியில் வரலாமா, ஏதாவது செய்தி உண்டா என்று. ஐயா கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் இப்படித்தான் உட்காருகிறார் என்று வெங்கடலட்சுமி அம்மா சலித்துக்கொண்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். செம்மண் பாதையைக் காணோம், முழங்காலுக்கு மேல் பச்சை. மூங்கில் தூரில் புதுக் குருத்து ஆளுயரம் வந்துவிட்டது. மரங்களில் சுண்ணாம்பு பாதி கரைந்து திட்டுத்திட்டாக நின்றது.

வெளிச்சம் இறங்கும் நேரம். ஓடைப்பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. கரகரவென்று உரக்க ஆரம்பித்து, இறங்கி இறங்கித் தேயும் குரல். பெண் தவளைவாயன். ஆண் பதில் சொல்லும், சொல்லியாக வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடைத் தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

“ஐயா, சாவியக் குடுங்க.”

“வேண்டாமுங்க அம்மணி.”

“ஒரே நிமிஷமுங்க. ரெண்டும் இருக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.”

“வேண்டாமுங்க.”

“நான் என்ன, வேடிக்க பாக்க வந்த ஆளுங்களா? ஒரு எலகூட அசையாம போகத் தெரியுமுங்க எனக்கு. அதக் கண்டுபிடிச்சதே நான்தானுங்க!”

“நீங்கதானுங்க கண்டுபிடிச்சீங்க. ஆள் கால் படக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானுங்க. நெசமாலுமேங்களான்னு கேட்டுப்போட்டுத்தான் பூட்டுனேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தக் கொம்பைக் காட்டும்போது இருந்த அதே பிரியத்தோடுதான் சொன்னார். கை மட்டும் இடுப்புச் சாவியின் மேல் இருந்தது.

“உள்ள ரெண்டும் இருக்குதா? அதையாவது சொல்லுங்க.”

“எனக்கு எப்படிங்க தெரியும்? நானும் உள்ள போகலீங்களே.”

சஹீர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று முதுகிலேயே தெரிந்தது. வெங்கடலட்சுமி அம்மா இன்னும் இரண்டு நாற்காலியும் மோரும் கொண்டுவரச் சொன்னார். “வேண்டாமுங்கம்மா” என்றேன். டம்ளர் கைக்கு வந்துவிட்டது.

இத்தனை வருஷமாகத் தோட்டம் தோட்டமாகப் போய், சும்மா விடுங்க, சும்மா விடுங்க என்று கெஞ்சியிருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடியே கேட்ட முதல் ஆள் இவர்தான். அவர் போட்டுக்கொடுத்த நாற்காலியில் மோரை வைத்துக்கொண்டு, பூட்டையும் இருண்டுவரும் அந்தப் பச்சையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால்தான் சும்மா உட்கார முடியவில்லை.